கணீரென்று கேட்ட முட்டி

சம்மந்தி,

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லி முடித்துவிடுகிறேன். ஆடி அமாவாசை அன்று காலையில் சூரிய கிரகணம் பிடித்தது. தெருவில் எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டு, தண்ணீர்க் குடத்தில் தர்ப்பைப் புல்லைப் போட்டுவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தார்கள். நான் மட்டும் மாடியில் ஏறி நின்று உன் முட்டி வழியாகக் கிரகணம் பார்த்தேன்.

உன் முட்டி என்றால், உன் முட்டியைப் பிடித்த எக்ஸ்ரே படம். "அது எங்கடி?" என்று நீ மூன்று முறை கேட்டாய். மூன்று முறையும் "தொலைஞ்சிபோச்சு" என்றேன். தொலையவில்லை. பீரோவுக்குப் பின்னால் காக்கி உறையோடு நின்றுகொண்டிருந்தது. வெறுங்கண்ணால் பார்க்கக் கூடாது என்று என் மகள் சொன்னதும் எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. எக்ஸ்ரே வழியாகவும் பார்க்கக் கூடாது என்பதை அவள் அப்புறம்தான் சொன்னாள்.

அழகாகத்தான் இருந்தது. உன் தொடை எலும்புக்கும் கீழ்க்கால் எலும்புக்கும் நடுவில் இருக்கிற சந்தில் சூரியன் தேங்காய்ப் பத்தை மாதிரி வந்து நின்றது. கிரகணம் விட்ட பிறகும் நான் படத்தைக் கீழே இறக்கவில்லை. சுத்தமான எலும்பு. ஒரு கீறல் கிடையாது. சூளையிலிருந்து எடுத்துத் துடைத்து வைத்த முதல் தரச் சரக்கு மாதிரி இருந்தது. அன்று மத்தியானம் வரைக்கும் கண்ணிலிருந்து தண்ணீர் வடிந்தது. அது சூரியனால்தான். பெரிதாக எதுவும் நினைத்துக்கொள்ளாதே.

சம்மந்தி என்று எழுதியிருக்கிறேன், அதையும் நீ மன்னிக்க வேண்டும். உன் மகனும் என் மகளும் டவுசர் போட்டுத் திரிந்த காலத்தில் விளையாட்டாக வைத்துக்கொண்ட பேர். அப்புறம் நீ அதைத் திருப்பி எடுத்துக்கொண்டாய். எடுத்துக்கொண்டதற்குக் காரணம் இருந்தது. இருந்தாலும் உனக்கு வேறு எந்தப் பேரும் எழுத என் கைக்கு வரமாட்டேன் என்கிறது.

நாம் இரண்டு பேரும் ஒரே வாரத்தில்தான் பீங்கான் கம்பெனியில் சேர்ந்தோம். கரண்டு கம்பத்துக்குக் குமிழும், ஃபியூஸ் கட்டையும், சீசனுக்குப் பொம்மையும் செய்கிற கம்பெனி. முதலில் இரண்டு பேருக்குமே பலகை தூக்குகிற வேலை. வேகாத பச்சைச் சரக்கைப் பலகையில் அடுக்கித் தோளில் வைத்து, சரிவுப் பாதையில் ஏறி, சூளை வாசலில் இறக்க வேண்டும். அப்புறம் எனக்குக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் ஆனது. வயிறு வலிக்கிறது, குனிந்து நிமிர முடியவில்லை என்று மேஸ்திரியிடம் சொன்னேன். அவர் என்னைத் தட்டிப் பார்க்கிற இடத்தில் உட்கார வைத்தார். அங்கே ஒரே ஒரு ஸ்டூல். வெந்து வந்த சரக்கை ஒவ்வொன்றாக எடுத்து, சின்ன மரச்சுத்தியால் தட்டி, காதைக் கொடுத்துக் கேட்க வேண்டும். கணீரென்றால் நல்லது. சத்தம் மங்கினால் உள்ளே விரிசல் என்று அர்த்தம், ஓரமாகப் போட்டுவிட வேண்டும்.

என் வயிற்றை யாரும் படம் பிடித்துப் பார்க்கவில்லை. வலிக்கிறது என்று சொன்னேன், நம்பினார்கள். வயிறு ஆறு மாதத்தில் ஆறிவிட்டது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவும் இல்லை, அப்படியே நாலு வருடம் ஓடியது.

அந்த நாலாவது வருடத்து ஆயுத பூஜை உனக்கும் ஞாபகம் இருக்கும். சக்கரத்துக்கும் அச்சுக்கும் சந்தனம் வைத்து, பூசணிக்காய் உடைத்து, பொரி கடலை கொடுத்து முடித்ததும் பொம்பளைகளுக்கு மியூசிக்கல் சேர் வைத்தார்கள். பரிசு ஒரு ஹாட் பாக்ஸ். மைக் செட்டுக்காரன் வேண்டுமென்றே பாட்டை இழுத்து இழுத்து நிறுத்தினான். பத்துப் பேர் நாலு பேராகி, நாலு பேர் இரண்டு பேராகி, கடைசியில் நீயும் நானும் ஒரு நாற்காலியும் மிச்சம். நீ சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, "சம்மந்தி, இன்னிக்கு உனக்குத் தரைதான்" என்றாய்.

பாட்டு நின்றது. நீ முந்திக்கொண்டாய். ஒரு காலை ஊன்றித் திரும்பினாய், உட்காரவேண்டியதுதான் பாக்கி. நான் இடுப்பால் ஓர் இடி இடித்தேன். உன் உடம்பு திரும்பியது, பாதம் திரும்பவில்லை. முட்டி உள்பக்கமாக மடங்கியதை நான் பார்த்தேன். 'டப்' என்று ஒரு சத்தம், ஈர விறகு முறிகிற மாதிரி. மைக் செட் நின்றிருந்ததால் அது எனக்கு நன்றாகவே கேட்டது. நான் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கையையும் தூக்கிக் காட்டினேன். எல்லோரும் கை தட்டினார்கள். நீ தரையில் கிடந்தபடி, "பாவி, கொன்னுட்டாடி" என்று சொல்லிச் சிரித்தாய்.

சாயங்காலத்துக்குள் உன் முட்டி இளநீர் அளவுக்கு வீங்கியது. மறுநாள் டவுனில் எக்ஸ்ரே எடுத்தீர்கள். டாக்டர் படத்தை விளக்கு வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "எலும்பு முறியல, ஒரு வாரம் ஓய்வா இருங்க" என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார். ஒரு வாரம் கழித்தும் உன்னால் காலை ஊன்ற முடியவில்லை. இருந்தும் நொண்டிக்கொண்டே கம்பெனிக்கு வந்தாய். வேலை போய்விடும் என்ற பயம் உனக்கு. உன் வீட்டுக்காரர் பெண்ணாடம் பக்கம் கரும்பு லோடு அடித்துக்கொண்டிருந்தார். அவர் சம்பாத்தியம் அவருடைய வாய்க்கே சரியாகப் போய்விடும், அது ஊருக்கே தெரியும்.

பத்து மணி டீ நேரம். நீ முதலாளியிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "ரெண்டு மாசத்துக்கு உக்காந்து செய்யிற வேலையா குடுங்கய்யா. கால் ஆறிடும். அப்புறம் பழையபடி பலகை தூக்கறேன்."

உட்கார்ந்து செய்கிற வேலைக்கு ஸ்டூல் ஒன்றுதான் இருந்தது. அதில் நான் இருந்தேன்.

மேஸ்திரி என்னைப் பார்த்தார். "ஏம்மா, ரெண்டு மாசம் நீ பலகை தூக்கு. அந்தப் பொண்ணு உக்காரட்டும். என்னா சொல்ற?"

நான் உடனே பதில் சொல்லவில்லை. உடனே சொல்லியிருந்தால் ஒருவேளை சரி என்றுதான் சொல்லியிருப்பேன். ஆனால் எனக்கு வாய் என்று ஒன்று இருக்கிறதே. டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, உன் கையிலிருந்த காக்கி உறையை வாங்கினேன். படத்தை உருவி, தகரக் கூரையில் இருந்த கண்ணாடி ஓட்டு வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தேன். டாக்டர் மாதிரி தலையைச் சாய்த்தேன்.

"எலும்பு நல்லாத்தான இருக்குது. எங்க உடைஞ்சிருக்குது? யாராச்சும் காட்டுங்க பாப்பம்."

சிரிப்பு ஆரம்பித்தது. சிரிப்பு ஆரம்பித்தால் என்னை நிறுத்த முடியாது என்று உனக்குத் தெரியும்.

"நெசமா வலிக்குது சம்மந்தி" என்றாய்.

"இரு இரு. படத்த நம்பக் கூடாது. நம்ம ஊரு டெஸ்டு ஒண்ணு இருக்குது" என்று சொல்லிவிட்டு மரச்சுத்தியை எடுத்தேன். உன்னைப் பெஞ்சில் உட்கார வைத்து, சேலையை ஒதுக்கி, வீங்கிய முட்டியில் ஒரு தட்டுத் தட்டினேன். மெதுவாகத்தான் தட்டினேன். நீ உதட்டைக் கடித்தாய். நான் காதை முட்டிக்குப் பக்கத்தில் வைத்து, கண்ணை மூடி, என் வாயாலேயே "கணீ...ர்" என்று சத்தம் கொடுத்தேன்.

"பாஸு. முதல் தரம். பாக்கிங்குக்கு அனுப்பலாம்."

ஆபீஸ் வாசலில் நின்ற முதலாளிகூட வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "தட்டுற பொம்பளையே பாஸ் பண்ணிட்டாங்க. அப்பறம் என்னாம்மா? போய் வேலயப் பாரு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். அதுதான் எனக்கு இன்று வரைக்கும் செரிக்கவில்லை. அழுதிருந்தால் நான் நிறுத்தியிருப்பேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். நீ சிரித்துக்கொண்டே எழுந்து, சேலையை முட்டிக்கு மேலே இழுத்து விட்டுக்கொண்டு, பலகையைத் தூக்கப் போனாய். படம் என் கையிலேயே நின்றுவிட்டது.

அதற்கப்புறம் இரண்டு மாதம் நான் உன்னை என்ன பாடு படுத்தினேன் என்று எழுதினால் இந்த நோட்டு போதாது. நீ சரிவில் ஏறும்போது பின்னாலேயே நொண்டிக்கொண்டு வந்து நடித்துக் காட்டுவேன். "வழி விடுங்க, நாட்டியக்காரி வராங்க" என்பேன். புதிதாக வந்த பொம்பளைகளுக்கு உன்னை அப்படித்தான் தெரியும். ஒரு நாள் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் என்னைத் தனியாகப் பிடித்தாய்.

"கேலி பண்ணாம கேளுடி. நடக்கறப்ப முட்டி உள்ள ஏதோ தனியா நழுவுது. போயிட்டுத் திரும்பி வருது."

"எங்க போவுது? திட்டக்குடி பஸ்ஸு ஏறிடுச்சா?"

"விளையாட்டு இல்ல. வீக்கம்லாம் வத்திடுச்சு. ஆனா வலி சதையில இல்ல. எலும்புக்குள்ள இருக்குது."

"எலும்புக்குள்ள எப்படிடி வலிக்கும்? எலும்பு கல்லு மாதிரி. கல்லுக்கு வலிக்குமா?"

நீ என்னைப் பார்த்தாய். நான் தண்ணீர் குடித்தேன். வீட்டில் உன் மாமியார் நீ நெல் புழுக்கப் பயந்துகொண்டு நடிக்கிறாய் என்று சொல்லிக்கொண்டிருந்தாளாம். அந்தச் சந்தேகத்துக்கும் சாட்சி நான்தான். "கம்பெனியிலயே தட்டிப் பார்த்து நல்லா இருக்குதுன்னு சொல்லிட்டாங்களாமே" என்று அவள் என்னிடமே கேட்டாள். நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. சிரித்தேன்.

கார்த்திகை மழையில் சரிவுப் பாதை நனைந்து கிடந்தது. தோளில் பலகை நிறையக் குமிழ். பாதி ஏறியதும் உன் முட்டி சொன்ன மாதிரியே நழுவிப் போனது, இந்தத் தடவை திரும்பி வரவில்லை. நீ பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தாய். வெந்த சரக்கு விழுந்தால் சத்தம் ஊரைக் கூட்டும். பச்சைச் சரக்கு விழுந்தால் சத்தமே இருக்காது, சாணி விழுகிற மாதிரி தொப்பென்று போய்விடும். அதனால் நீ கத்தியது மட்டும்தான் கேட்டது. ஓடி வந்த எல்லோரும் முதலில் பலகையைத்தான் பார்த்தார்கள். நான் சொன்ன முதல் வார்த்தை, "ஐயோ, சரக்கு போச்சே."

இது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. உனக்கும் ஞாபகம் இருந்தது. பிற்பாடு ஒரு நாள் அதே குரலில் எனக்குச் சொல்லிக் காட்டினாய்.

உன் தம்பி ஏற்பாடு செய்து உன்னைப் பாண்டிச்சேரிக்கு ஸ்கேனுக்கு அழைத்துப் போனான். துணைக்கு ஒரு பொம்பளை வேண்டும் என்றதும் நான் கிளம்பினேன். பாசத்தால் வந்தேன் என்றுதான் சொல்ல ஆசை. நீ நடிக்கவில்லை என்பது எழுத்தில் வந்துவிட்டால் என் கதி என்ன என்று பார்க்கத்தான் வந்தேன் என்று நினைக்கிறேன். உன்னை ஒரு பெரிய குழாய்க்குள் படுக்க வைத்துத் தள்ளினார்கள். வெளியே உட்கார்ந்திருந்த எனக்கே அதன் சத்தம் கேட்டது. டக் டக் டக் என்று அரை மணி நேரத்துக்கு மேல் விடாமல் தட்டியது. நீ வெளியே வந்து செருப்பைத் தேடிக்கொண்டே சொன்னாய்:

"உன்ன மாதிரியேதான் தட்டுது. ஆனா அது வாயால கணீர்னு சொல்லல."

டாக்டர் சின்ன வயசுக்காரர். ஒரே தாளில் முப்பது நாற்பது முட்டிகள் கட்டம் கட்டமாக இருந்த படத்தை விளக்கில் மாட்டினார். எலும்பெல்லாம் கறுப்பாக இருந்தது. மேல் எலும்பின் அடியிலும் கீழ் எலும்பின் தலையிலும் வெள்ளையாக, மேகம் கட்டிய மாதிரி ஒரு படலம்.

"நடுவுல ரெண்டு எலும்பையும் கட்டி வச்சிருக்கிற கயிறு அறுந்திருக்கும்மா. அது அறுந்த அந்த நிமிசம் முட்டி இடம் மாறி, மேல் எலும்பும் கீழ் எலும்பும் ஒண்ணோட ஒண்ணு மோதியிருக்குது. இந்த வெள்ளை அதோட அடையாளம்தான்."

"எலும்பு உடைஞ்சிடுச்சா சார்?" என்று நீ கேட்டாய். உன் குரலில் பயம் இல்லை. உடைந்திருக்க வேண்டும் என்று ஓர் ஆசைதான் இருந்தது. எனக்கு அது கேட்டது.

"வெளியே உடையல. உள்ளுக்குள்ள நசுங்கியிருக்குது. உள்ள எலும்பு பஞ்சு மாதிரி இருக்கும், அதுல பொடிப் பொடியா முறிஞ்சு, ரத்தமும் நீரும் ஊறியிருக்குது. சதையில அடிபட்டா கன்றிப்போகும்ல? அது மாதிரி எலும்பே கன்றிப்போயிருக்குது. இது எக்ஸ்ரேயில தெரியாது. எக்ஸ்ரேயப் பார்த்துட்டு ஒண்ணுமில்லன்னுதான் எல்லாரும் நெனைப்பாங்க. ஆனா நல்லா வலிக்கும். மாசக்கணக்குல வலிக்கும்."

"எலும்புக்குள்ள வலிக்குமா சார்?"

"எலும்புக்குள்ளதான் வலிக்கும்."

நீ என் பக்கம் திரும்பவில்லை. திரும்பாமல் இருக்க நீ பட்ட பாடு எனக்குத் தெரிந்தது, கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டு நின்றது.

அந்த வெள்ளைப் படலத்தை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அது என்ன என்று எனக்கு டாக்டர் சொல்லித் தெரியவேண்டிய அவசியமில்லை. கம்பெனியில் சந்தேகமான சூளைச் சரக்கில் ஒன்றை உடைத்துச் சிவப்பு மைத் தண்ணீரில் போட்டு வைப்போம். நன்றாக வெந்த சில்லு மையைக் குடிக்காது, துடைத்தால் வெள்ளையாக வந்துவிடும். சரியாக வேகாதது குடிக்கும். எடுத்துப் பார்த்தால் உள்ளே இப்படித்தான், மேகம் மேகமாக ஊறியிருக்கும். அதில் பாதிச் சரக்கு தட்டினால் கணீரென்றுதான் கேட்கும். தட்டினால் மட்டும் போதாது என்பதற்காகத்தான் அந்த மைத் தொட்டியையே வைத்திருந்தார்கள். அந்தத் தொட்டி என் ஸ்டூலுக்குப் பக்கத்திலேயே இருந்தது. தினமும் அதற்குத் தண்ணீர் ஊற்றியதே நான்தான். எனக்கு ஒரு விஷயம் தெரியாமல் போய்விட்டது என்று சொல்லித் தப்பிக்கக்கூட வழியில்லை.

"முதல் அடி பட்டப்பவே ரெண்டு மாசம் பாரம் தூக்காம இருந்திருந்தா இந்தக் கன்றல் ஆறியிருக்கும்மா" என்றார் டாக்டர். "கயிறு அறுந்ததோட போயிருக்கும். நீங்க பாரம் தூக்கி மறுபடி விழுந்ததுல நடுவுல இருக்கிற மெத்தையும் கிழிஞ்சு மடிஞ்சிடுச்சு. அதான் கால் நீட்ட வரல. யாரு வேலைக்குப் போகச் சொன்னது?"

நீ, "நானாதான் சார் போனேன்" என்றாய்.

ஆபரேஷன் என்றார். பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினோம். அந்தப் பார்க்கலாம் பார்க்கலாமாகவே போய்விட்டது.

திரும்பி வரும் பஸ்ஸில் நீ ஜன்னல் ஓரம். மடங்கிய கால் முன் சீட்டில் இடித்துக்கொண்டே வந்தது. நெய்வேலியும் தாண்டியது. நான்தான் தாங்க முடியாமல் ஆரம்பித்தேன். "அந்த எக்ஸ்ரேயாலதான் எல்லாம். அது பொய் சொல்லிடுச்சு."

நீ ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாய்: "எக்ஸ்ரே ஒண்ணும் சொல்லல. தெரியலன்னுதான் இருந்துச்சு. நீதான் சொன்ன. உனக்கு அந்த ஸ்டூலு வேணும்."

அவ்வளவுதான். கோபமே இல்லாமல் சொன்னாய். விருத்தாசலத்தில் இறங்கும்போது உனக்குக் கை கொடுத்தேன். பிடித்துக்கொண்டு இறங்கினாய், இறங்கியதும் விட்டுவிட்டாய். அதற்கப்புறம் ஒரு நாள்கூட என்னைச் சம்மந்தி என்று நீ கூப்பிடவில்லை.

சும்மாவும் விடவில்லை. எனக்கு டாக்டர் என்று பேர் வைத்தாய். நான் உன் வீட்டுப் படியில் கால் வைத்ததும், "டாக்டர் வராங்க, முட்டிய மூடிக்கிங்க" என்று உள்ளே பார்த்துச் சத்தம் போடுவாய். விருந்தாளி யாராவது இருந்தால், "இவங்கதான். எனக்கு ஆரம்பத்துலேர்ந்து இவங்க வைத்தியம்தான். சுத்தி கொண்டாந்திருக்கீங்களா டாக்டர்?" என்பாய். தெருவில் பால்காரர் வரைக்கும் அந்தப் பேர் பரவியது. என்னைத் தெரியாத ஒரு பொம்பளை இடுப்புவலி என்று வைத்தியம் கேட்டு என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். நான் அதுவரை ஊரில் இருபது பேருக்குப் பட்டப்பேர் வைத்திருந்தேன். ஒருவராவது இப்படிப் பழிவாங்கியது கிடையாது. உன் திறமையே திறமை.

கம்பெனிக்கு நீ வரவில்லை. வீட்டில் மடங்கிய காலை ஒரு தலையணையில் வைத்துக்கொண்டு பொம்மைகளுக்குக் கண்ணும் உதடும் எழுதினாய். ஒரு பொங்கலுக்கு எனக்கு ஒரு பொம்மை கொடுத்தாய். குடம் வைத்திருக்கிற பொம்பளை. புருவம், கண், மூக்குத்தி, எல்லாம் அச்சாக இருந்தது. வாய் மட்டும் இல்லை.

"வாயி எழுத மறந்துட்டியா?"

"மறக்கல. அது நீதான். வாய விட்டுட்டேன். ஊருக்கு நல்லதுன்னு."

நான் அன்று சிரித்த சிரிப்பில் உன் மாமியாரே எட்டிப் பார்த்தாள். நீயும் சிரித்தாய். இரண்டு பேரும் வெகுநேரம் சிரித்தோம். அந்த நேரத்தில் நான் ஒன்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஸ்டூலையும் நான் விடவில்லை. யாரும் கேட்கவில்லை, நானும் எழுந்திருக்கவில்லை.

போன பங்குனியில் உனக்குக் காமாலை கண்டு மூன்றே நாளில் முடிந்துபோனது. முட்டிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நான் யாரும் கேட்காமலேயே எல்லோரிடமும் அதைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

உன்னைக் குளிப்பாட்டிப் படுக்க வைத்ததும் கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்ட வேண்டும். கட்ட வரவில்லை. ஒரு கால் நீட்டியிருந்தது, ஒரு கால் ஆறு வருடமாக மடங்கியபடியே இருந்தது. பொம்பளைகள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். உன் நாத்தனார், "அமுக்குனா நீளும். யாராச்சும் அமுக்குங்க" என்றாள். யாரும் முன்னால் வரவில்லை. நான் போய் உட்கார்ந்தேன். ஒரு கையைத் தொடையிலும் ஒரு கையை முட்டியிலும் வைத்து அமுக்கினேன். முதலில் அசையவில்லை. முழு பாரத்தையும் கொடுத்து அமுக்கினேன். உள்ளே ஏதோ விட்டது. கால் நேராகிவிட்டது. நான் என்னை அறியாமல் உன் முகத்தைப் பார்த்து, "வலிக்குதாடி?" என்றேன். பக்கத்தில் இருந்த பொம்பளைகள் நான் அங்கேயும் வந்து தமாஷ் பண்ணுகிறேன் என்று நினைத்தார்கள். ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் ஒரு காலத்தில் செய்து வைத்த வேலைக்கு அது எனக்கு வேண்டியதுதான்.

விரலைக் கட்டினோம். நேராகப் படுத்திருந்தாய். மியூசிக்கல் சேருக்கு முன்னால் இருந்த உயரம் உனக்குத் திரும்பி வந்த மாதிரி இருந்தது.

உன்னால் எனக்கு ஒரு சீக்கு ஒட்டிக்கொண்டது, சம்மந்தி. யார் வலிக்கிறது என்று சொன்னாலும் நம்பிவிடுகிறேன். இது ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. புதுப்படம் வருகிற வெள்ளிக்கிழமையாகப் பார்த்துக் கம்பெனியில் ஒருத்திக்குத் தலை வலிக்கும். அவள் முகத்திலேயே பவுடர் இருக்கும். "போயிட்டு வரேங்க்கா, தாங்க முடியல" என்பாள். "போ, உன் வேலய நான் பாத்துக்கறேன்" என்பேன். என் மகள் பாத்திரம் தேய்க்கும்போது மட்டும் அவளுக்கு முதுகு பிடித்துக்கொள்ளும். நான் தேய்ப்பேன். பொய் சொல்கிறார்கள் என்று தெரியாமல் இல்லை. தெரியும். பத்தில் ஒன்பது பொய்தான். அந்தப் பத்தாவது யார் என்று கேட்டுக் கண்டுபிடிக்கிற காது எனக்கு இல்லை, இருக்கிறது என்று ஒரு முறை நினைத்தேன். அதனால் பத்துப் பேரையும் நம்புகிறேன். என்னை வைத்து இப்போது நன்றாகச் சிரிக்கிறார்கள். வாயை மூடிக்கொண்டு இருக்கப் பழகி வருகிறேன். கஷ்டமாகத்தான் இருக்கிறது.

போன செவ்வாய்க்கிழமை, நல்லூரிலிருந்து பஸ்ஸில் வருகிற ஒரு புதுப் பெண் பலகையைத் தூக்க வந்தவள் நின்றுவிட்டாள். "கெண்டைக்கால் இழுக்குதுக்கா" என்றாள். அவள் கெண்டைக்கால் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. நான் எழுந்து, "நீ உக்காந்து தட்டு" என்று சொல்லிவிட்டு அவள் பலகையைத் தோளில் வைத்துக்கொண்டேன். மேஸ்திரி, "என்னாம்மா, உனக்குப் பைத்தியமா?" என்றார். நான் சரிவில் ஏறினேன்.

பாதியில் என் ரப்பர் செருப்பின் வார் ஓட்டையிலிருந்து பிதுங்கி வெளியே வந்துவிட்டது. கால் வழுக்கி விழுந்தேன். பலகை சாய்ந்தது. அதில் இருபத்தி நாலு குமிழ் இருந்தது. இருபத்திரண்டு நசுங்கியது. இரண்டு நசுங்கவில்லை. மேஸ்திரி வந்து எப்படி விழுந்தது என்று கேட்டார். செருப்பு வார் போய்விட்டது என்றேன். அவர் குனிந்து செருப்பை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் விழுந்த வேகத்தில் வார் மறுபடியும் ஓட்டைக்குள் போய் உட்கார்ந்திருந்தது. இழுத்துப் பார்த்தார், வரவில்லை. "எங்க போயிருக்குது? நல்லாத்தான இருக்குது" என்று சொல்லி என் கையில் கொடுத்தார். நான் அதைப் போட்டுக்கொண்டு துடைப்பம் எடுக்கப் போனேன்.